உடம்பு வலிக்கு ஒரே ரத்தச் சோதனை இன்னும் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடம்பு முழுக்க மாதக்கணக்கில் நோகும் ஃபைப்ரோமயால்ஜியா நோயை ஒரு சொட்டு ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி, ‘இந்த டெஸ்ட் இங்க எடுப்பீங்களா?’ என்று கேட்டு ஆய்வகத்துக்கு வருபவர்களும் உண்டு. சேலத்தில் மட்டுமல்ல, உலகத்தில் எங்குமே மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட அப்படியொரு ரத்தச் சோதனை இன்று கிடையாது. ஆராய்ச்சி நடக்கிறது, நல்ல ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் ‘மூட்டுவலி பேக்கேஜ்’ என்று எட்டு, பத்து சோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்பது பெருகிவிட்டது. அதில் பாதி தேவையில்லாதது. தேவையான மீதியும் ரத்தம் எடுக்கும் முறையாலும் எடுத்துச் செல்லும் முறையாலும் கெட்டுப்போகிறது. ரத்தம் எடுப்பது, சோதிப்பது, அறிக்கையைப் படித்து மருந்து எழுதுவது ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில், இந்த நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு வகுத்த முறைப்படி உடம்பில் 18 இடங்களைக் கட்டைவிரலால் சுமார் 4 கிலோ அழுத்தத்தில் அமுக்கிப் பார்ப்பார்கள். 11 இடங்களில் வலித்தால் நோய் உண்டு என்பது கணக்கு. அமுக்கும் விரலுக்கு விரல் பலம் மாறியதால் அது நிற்கவில்லை. 2010-இல் புதிய முறை வந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது தேவைப்படுவது ஒரு தாளும் பேனாவும், பத்து நிமிடப் பொறுமையும்தான்.

தாளில் இரண்டு கணக்கு. முதல் கணக்கில் 19 இடங்கள்: இரண்டு பக்கத் தாடை, தோள்பட்டை, மேற்கை, முன்கை, பிட்டம், தொடை, கீழ்க்கால் என 14, இவற்றோடு கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, நெஞ்சு, வயிறு. கடந்த 7 நாளில் எங்கெல்லாம் வலித்ததோ ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். இரண்டாவது கணக்கில் அசதி, தூங்கி எழுந்தும் களைப்பு தீராமை, மறதியும் கவனச் சிதறலும் ஆகிய மூன்றுக்கும் கடுமையைப் பொறுத்துத் தலா 0 முதல் 3 வரை. கடந்த 6 மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா 1. மொத்தம் 12. முதல் கணக்கு 7-க்கும் இரண்டாவது 5-க்கும் குறையாமல் இருக்கவேண்டும். அல்லது முதல் கணக்கு 4 முதல் 6 வரை, இரண்டாவது 9-க்குக் குறையாமல். இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு உடம்பு என்ற 5 பகுதிகளில் நான்கிலாவது வலி இருக்கவேண்டும் (தாடை, நெஞ்சு, வயிற்று வலியை இந்தப் பகுதிக் கணக்கில் சேர்ப்பதில்லை). 3 மாதமாவது நீடித்திருக்கவேண்டும்.

நம்மூர் வேலைகளை வைத்தே போட்டுப் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் ஒருவருக்குக் கழுத்து, மேல்முதுகு, இரண்டு தோள்பட்டை என்று 4 இடம் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலில் ஒன்றுமில்லை. 5 பகுதிகளில் மூன்றுதான் வருகிறது. இது நாளெல்லாம் குனிந்து உட்காருவதால் வரும் வலி. பலகையின் உயரத்தை மாற்றுவதும் இடையிடையே எழுந்து நடப்பதும்தான் இதற்கு முதல் மருந்து. ஏற்காட்டில் காப்பி பறிக்கும் ஒரு பெண்ணுக்குக் கழுத்து, கீழ்முதுகு, இரண்டு தோள்பட்டை, இரண்டு தொடை, இரண்டு கீழ்க்கால் என்று 8 இடம். 5 பகுதியிலும் வலி. அசதிக்கு 2, தூக்கம் தீராததற்கு 3, மறதிக்கு 1, தலைவலிக்கு 1, ஆக 7. ஆறு மாதமாக இப்படி. இவருக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்ல ரத்தத்தில் எதுவும் ‘பாசிட்டிவ்’ ஆக வேண்டியதில்லை. இன்னொரு நோய் கூடவே இருந்தாலும் இந்த முடிவு செல்லும் என்பதையும் 2016 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவருக்கும் ஃபைப்ரோமயால்ஜியா இருக்கலாம்; மூட்டு வீக்கம் வற்றிய பிறகும் வலி விடவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் இந்தத் தாளை எடுத்துப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் ரத்தம் எதற்கு? இதே மாதிரி நோகவைக்கும் வேறு நோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. அதற்கு வேண்டியவை: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஈஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டுபவை), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), சிபிகே (தசை நொதி), கால்சியம், அல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு, ஈரல் நொதி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை. இவ்வளவு போதும். ஃபைப்ரோமயால்ஜியா மட்டும் இருந்தால் இவை எல்லாமே சரியாக இருக்கும். ‘எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்ல’ என்று நோயாளியை அனுப்பிவிடுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. ரத்தம் நார்மல் என்பது இந்த நோயில் எதிர்பார்த்த விடைதான். வலி பொய் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும், பேக்கேஜில் தவறாமல் இருக்கும் ஆர்ஏ ஃபேக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் அது பாசிட்டிவ் வரும், வயதானவர்களிடம் இன்னும் கூடுதலாக. மூட்டில் வீக்கமோ, காலையில் ஒரு மணி நேரம் போல் நீடிக்கும் இறுக்கமோ இல்லாதவருக்கு இந்தச் சோதனை எடுப்பதே தப்பு. எடுக்கும் முறையிலும் கோளாறு உண்டு. சிறிய ஆய்வகங்கள் பலவற்றில் இது கறுப்புப் பட்டை மேல் செய்யும் லேட்டக்ஸ் சோதனை. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு சொட்டு, லேட்டக்ஸ் என்ற நுண்துகள் கலவை ஒரு சொட்டு, குச்சியால் கலந்து பட்டையை ஆட்டி, சரியாக 2 நிமிடத்தில் திரிதிரியாகத் திரள்கிறதா என்று பார்க்கவேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில், தலைக்கு மேல் மின்விசிறி சுழல, 4 நிமிடம் கழித்து வந்து பார்த்தால் சொட்டின் ஓரம் காய்ந்து திரண்டதுபோலவே தெரியும். பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் உடனே பயன்படுத்தினாலும் முடிவு தடுமாறும். முடக்குவாதம் என்று உண்மையாகவே சந்தேகம் இருந்தால் ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருள் சோதனையைக் கேட்பது மேல். வீண் பாசிட்டிவ் அதில் மிகவும் குறைவு. லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்களுக்காகப் பார்க்கும் ஏஎன்ஏ-யின் கதையும் இதுவே. சீரத்தை 1:40 அளவுக்கு நீர்த்துப் பார்த்தால் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், 1:160-இல் கூட நூற்றில் ஐவருக்கும் பாசிட்டிவ் வரும். நீர்ப்பு அளவே எழுதாமல் ‘ஏஎன்ஏ பாசிட்டிவ்’ என்று மட்டும் தரும் அறிக்கையால் பயம்தான் மிஞ்சும். ஏஎஸ்ஓ என்பது எப்போதோ தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் அடையாளம்; நாற்பது வயதுப் பெண்ணின் உடம்புவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈஎஸ்ஆர், அதாவது குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது, மலிவான சோதனை, அதனாலேயே அலட்சியமாகச் செய்யப்படும் சோதனை. வெஸ்டர்கிரன் முறையில் 4 பங்கு ரத்தத்துக்கு, அது உறையாமல் இருக்க, 1 பங்கு சிட்ரேட். ரத்தம் குறைந்தாலும் கூடினாலும் எண் மாறும். குழாய் செங்குத்தாக நிற்கவேண்டும். 3 டிகிரி சாய்ந்தாலே முடிவு 30 சதவீதம் வரை கூடிவிடும். ஸ்டாண்டு ஆடும் மேசையில் இருந்தாலோ, சன்னல் வெயில் படும் இடத்தில் இருந்தாலோ அந்த எண்ணை நம்பவேண்டாம். ரத்தம் எடுத்து 4 மணி நேரத்துக்குள் குழாயில் ஏற்றிவிட வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ரத்தசோகை இருந்தால் ஈஎஸ்ஆர் தானாகவே ஏறும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. எனவே ஹீமோகுளோபின் 9 உள்ள பெண்ணுக்கு ஈஎஸ்ஆர் 40 என்றால் முதலில் இரும்புச்சத்தைக் கவனியுங்கள். வயதுக்கு ஒரு எளிய கணக்கும் உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 சேர்த்து அதில் பாதி, இதுவரை நார்மல். 50 வயதுப் பெண்ணுக்கு 30. ஆனால் 60 வயதைத் தாண்டியவருக்கு முதுகுவலியோடு ரத்தசோகையும் 100-க்கு மேல் ஈஎஸ்ஆரும் இருந்தால் அது வேறு விஷயம். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. எடை குறைவது, மாலையில் காய்ச்சல், ஒரே இடத்தில் இரவில் எழுப்பிவிடும் முதுகுவலி இருந்தாலும் அப்படித்தான். முதுகெலும்புக் காசநோய் நம்மூரில் அரிதல்ல.

சிபிகே-யில் நடக்கும் தவறு நம் பழக்கத்தாலேயே வருவது. வலி தாங்காமல் முதல் நாள் பிட்டத்தில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால், ஊசி குத்திய தசையிலிருந்து கசியும் நொதியே எண்ணை ஏற்றிவிடும். ‘தசை நோய்’ என்று எழுதி நரம்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். மூட்டை தூக்கிய மறுநாளும் ஏறும், கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையாலும் ஏறும். தசை ஊசிக்கும் கடினமான வேலைக்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டு எடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை. டிஎஸ்ஹெச்-க்கு எதிரி முடி உதிர்வதற்குச் சாப்பிடும் பயோட்டின். 5, 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைத்துக் காட்டும். தைராய்டு குறைவால் வரும் உடம்புவலி இதனாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கவேண்டும். ரத்தம் எடுப்பவர் இந்த இரண்டு கேள்வியையும் ஊசி குத்துவதற்கு முன் கேட்டால் போதும், காசில்லாத வேலை.

வைட்டமின் டி பற்றி ஒரு வரி. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது குறைவாகவே இருப்பதால், மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்று தெரிந்தவுடன் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. தரையிலிருந்து எழ முடியாமை, அல்கலைன் பாஸ்படேஸ் உயர்வு, கால்சியம் குறைவு மூன்றும் சேர்ந்திருந்தால் எலும்பு மென்மையாகும் நோயாக (ஆஸ்டியோமலேசியா) இருக்கலாம். வாரத்துக்கு 60,000 யூனிட் மாத்திரையை 8 வாரம் என்று எழுதிக் கொடுத்தால் 8 வாரத்தோடு நிறுத்தவேண்டும். ஆண்டு முழுக்கத் தின்று கால்சியம் ஏறி வாந்தியோடு வருவதும் உண்டு.

சிக்குன்குனியா 2006-இல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட நோய். அது வந்துபோனதைக் காட்டும் ஐஜிஜி எதிர்ப்பொருள் சோதனை பல ஆண்டுகள் கழித்தும் பாசிட்டிவாகவே இருக்கும். எனவே இன்றைய வலிக்கு அதுதான் காரணம் என்று ஐஜிஜி-யை வைத்துச் சொல்ல முடியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும், சேலம் மாவட்டத்தின் அவற்றை ஒட்டிய ஊர்களிலும் இருப்பவர்களுக்கு எந்தப் பேக்கேஜிலும் இல்லாத ஒரு சோதனை தேவை: குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்றும் சேர்த்தே பெயர் வைத்தது இதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. இதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகு, கழுத்து, இடுப்பு எல்லாம் நோகும், பிறகு இறுகும். ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ எல்லாம் நார்மல். ஃபைப்ரோமயால்ஜியா தாளிலும் எண் கூடும். ஏமாறுவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. கழுத்தைத் திருப்ப முடியாத அளவுக்கு விறைப்பு, அதே தண்ணீரில் வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை, முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பு ஏறித் தெரிவது ஆகியவை அடையாளம். போர் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்கக்கூடாது. சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ஒரு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம்.

ஏற்காட்டுக்கு வேறு தொல்லை. மேலே எடுத்த ரத்தம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கீழே வருவதற்குள் கெட்டுவிடுகிறது. சீரம் எடுக்கும் குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, உறைந்த பிறகு மேலேயே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து அனுப்பவேண்டும். பிரிக்காமல் பையில் போட்டு அனுப்பினால் சிவப்பணு உடைந்து சீரம் ரோஸ் நிறமாகிவிடும். பொட்டாசியமும் சிபிகே-யும் ஏறிக் காட்டும். சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், அதனால் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய்தான். ஐஸ் கட்டிமேல் நேரடியாகக் குழாயை வைப்பதும் தப்பு. துணியோ தெர்மோகோலோ நடுவில் இருக்கவேண்டும். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கமிருந்து வரும் குழாய்களில் ரத்தம் எடுத்த நேரம் எழுதியிருந்தால் கீழே இருப்பவர் எதை ஓட்டுவது, எதைத் தள்ளுவது என்று தெரிந்துகொள்வார்.

சரி, வரப்போகும் சோதனைகள். அமெரிக்காவில் எஃப்எம்/ஏ என்ற பெயரில் ஒரு சோதனை பத்தாண்டுக்கு முன்பே விற்பனைக்கு வந்தது. ரத்தத்தின் வெள்ளணுக்களைப் பிரித்து, ஒரு தூண்டுபொருளைக் கொடுத்து, அவை சுரக்கும் ஐஎல்-6, ஐஎல்-8, எம்ஐபி-1 ஆல்ஃபா, எம்ஐபி-1 பீட்டா ஆகிய, அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களை அளக்கிறார்கள். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் அணுக்கள் இவற்றைக் குறைவாகச் சுரக்கின்றன என்பது 2012-இல் வெளியான ஆய்வு. கவனிக்கவேண்டியது, தூண்டாத ரத்தத்தில் நேராக அளந்தால் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஆகவே உள்ளூரில் ‘ஐஎல்-6’ எடுத்து ஃபைப்ரோமயால்ஜியா பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அது வேறு சோதனை. சொத்தைப் பல், சளி, உடல் பருமன் எல்லாமே ஐஎல்-6-ஐ ஏற்றும். ரத்தத்தைச் சூட்டில் சும்மா வைத்திருந்தாலே குழாய்க்குள் ஐஎல்-8 கூடிக்கொண்டே போகும். உயிருள்ள அணு வேண்டிய சோதனைக்கு ரத்தத்தை உறைய வைக்கவும் முடியாது. அந்த முதல் ஆய்வு நோயாளிகளை நல்ல ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டது; முடக்குவாதம், லூபஸ் உள்ளவர்களோடு ஒப்பிட்டது பிறகுதான். ஆரோக்கியமானவரையும் நோயாளியையும் பிரிப்பதற்குச் சோதனை எதற்கு? மருத்துவருக்கு முன் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வலி இருக்கிறது. அவர்களுக்குள் யார் யார் என்று பிரித்துக் காட்டினால்தான் சோதனை.

அந்த வகையில் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்டது கூடுதல் நம்பிக்கை தருகிறது. ரத்தத்தின் மீது அகச்சிவப்பு ஒளியையும் ராமன் ஒளிச்சிதறலையும் செலுத்தி, ஃபைப்ரோமயால்ஜியாவை முடக்குவாதம், மூட்டுத் தேய்வு, லூபஸ் ஆகியவற்றிலிருந்து பிரித்தார்கள். சி.வி. ராமனின் கண்டுபிடிப்பு இங்கே வந்து நிற்பதில் நமக்குச் சின்னப் பெருமை உண்டு, அது இருக்கட்டும். சோதித்தது நூற்றுச் சொச்சம் பேர்தான். 2021-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, லிவர்பூல், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் சேர்ந்து, நோயாளிகளின் ஐஜிஜி எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு அழுத்தமும் குளிரும் அதிகமாக உறைத்தன, பிடிமான பலம் குறைந்தது. எதிர்ப்பொருள் உடம்பிலிருந்து நீங்கியதும் தெளிந்தன. முதுகுத்தண்டின் ஓரத்து நரம்பு முடிச்சுகளில் அந்த எதிர்ப்பொருள் போய் ஒட்டியிருந்தது. வலி மனப்பிரமை என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில். நாளை இதிலிருந்தே சோதனை பிறக்கலாம். இன்றைக்கு அது எலி அளவில் இருக்கிறது.

ஒரு கணக்கு மட்டும் சொல்லவேண்டும், ‘90 சதவீதம் துல்லியம்’ என்ற விளம்பரம் வரும்போது உதவும். நோய் உள்ளவரில் 90 சதவீதம் பேரையும், இல்லாதவரில் 90 சதவீதம் பேரையும் சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முகாம் போட்டு வருகிறவர் போகிறவர் 1,000 பேருக்கு அதை எடுக்கிறோம். அவர்களில் 30 பேருக்கு நோய் இருந்தால் 27 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 970 பேரில் 97 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 124 பாசிட்டிவில் உண்மையானது 27, நூற்றுக்கு 22. அதே சோதனையை, தாளில் கணக்குப் போட்டுச் சந்தேகம் வலுத்தவர்களுக்கு மட்டும், அதாவது 1,000 பேரில் 400 பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் எடுத்தால், 420 பாசிட்டிவில் 360 உண்மை, நூற்றுக்கு 86. சோதனை ஒன்றுதான், யாருக்கு எடுக்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. ரத்தச் சோதனை வந்த பிறகும் அந்தத் தாள் ஓயாது என்று சொல்வது இதனால்தான்.

சிகிச்சை தனிக் கடிதத்துக்கான விஷயம். ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2017-இல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். 5, 10 நிமிட நடையில் தொடங்கி மெல்லக் கூட்டவேண்டும். இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், அல்லது பிரிகாபலின், டுலோக்செட்டின் சிலருக்கு உதவும், மருத்துவர் பார்த்துத் தரவேண்டும். ஸ்டீராய்டும் தினசரி வலி ஊசியும் இந்த நோயில் பயன் தருவதில்லை. சிறுநீரகமும் பிட்டமும் புண்ணாவதுதான் மிச்சம்.

எங்கள் கோரிக்கை சிறியது. 19 இடம் குறித்த உடம்புப் படத்தோடு இந்தத் தாளைத் தமிழில் அச்சிட்டு, சேலம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர்களிடமும், ஏற்காட்டுத் தோட்டங்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவ வண்டியிலும் வைக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் படத்தில் தொட்டுக் காட்டினால் போதும். தனியார் ஆய்வகங்கள் பேக்கேஜிலிருந்து ஆர்ஏ, ஏஎன்ஏ, ஏஎஸ்ஓ மூன்றையும் கழற்றி, மருத்துவர் தனியாக எழுதினால் மட்டும் எடுக்கட்டும். அறிக்கையில் ரத்தம் எடுத்த நேரம், சோதித்த நேரம், சீரத்தின் நிறம், முந்தைய வாரம் தசை ஊசி போட்டாரா, பயோட்டின் சாப்பிடுகிறாரா என்ற ஐந்தையும் அச்சிட ஒரு அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர்கள், மருத்துவர்கள் சிலர்,
சேலம் – ஏற்காடு.